முழுக் கயிறு

செங்கோட்டை வட்டாரத்தில் ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்த மரம், மின்கம்பியை உரசும் கிளை, பட்டுப்போய் என்றைக்கு யார் தலையில் விழுமோ என்று மிரட்டும் கொம்பு, எதுவானாலும் ஆவுடையம்மாளுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். மரத்தை அடியோடு சாய்க்க வேண்டுமென்றால் அவளைக் கூப்பிட மாட்டார்கள். அதற்கு வேறு ஆட்கள் உண்டு. திருமலைக்குமார் அந்த வேறு ஆட்களில் ஒருவனாக இருந்தவன்.

அறுவை மில்லுக்கு மரம் சாய்த்துக் கொடுப்பது அவன் தொழில். மிஷின் ரம்பத்தைக் கையில் எடுத்தால், எந்தப் பக்கம் விழச் சொல்கிறானோ அந்தப் பக்கம்தான் மரம் விழும். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அவனுக்கு அந்தத் தொழில் அலுத்துவிட்டது. மரம் விழுகிற சத்தம் பிடிக்காமல் போய்விட்டது என்று மனைவியிடம் சொன்னான். மில்லை மூடிவிட்டார்கள் என்பது அவளுக்கு முன்பே தெரியும் என்பதால், அவள் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

அவன் ஆவுடையம்மாளிடம் வந்து, மரம் ஏறிக் கவாத்து செய்யும் வேலையைக் கற்றுக்கொடுக்கும்படி கேட்டான். அவனைவிடச் சில வயது சின்னவள். ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டாள். குரு என்றதும் தாடியையும் காவியையும் தேடுகிறவர்களுக்கு அவளைப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். சேலையை விட்டுவிட்டு ஆண்பிள்ளைச் சட்டையும் பேன்டும் போட்டுக்கொண்டு, இடுப்பில் தடித்த பெல்ட்டும் அதில் ஒரு கைரம்பமும் தொங்க நிற்பாள். எல்லாருக்கும் அவள் மேஸ்திரியம்மா.

அவள் முதலில் ரம்பத்தைக் கொடுக்கவில்லை. கட்டுப் பிரிக்காத புது நீலக் கயிற்றுச் சுருள் ஒன்றைக் கொடுத்தாள்.

"இது உங்க கயிறு அண்ணாச்சி. இத இனி உங்க கைதான் பாக்கும். வேற யாரும் பாக்க மாட்டோம்."

அதன் அர்த்தம் அவனுக்குப் போகப் போகத்தான் விளங்கியது. மரத்தில் ஏறுகிறவன் கிளை பிரியும் கவையில் கயிற்றைப் போட்டு, ஒரு நுனியை இடுப்பில் கட்டி, மறுபக்கத்தை இடுப்பிலுள்ள நழுவு முடிச்சு வழியாக விட்டு, அதில் தொங்கிக்கொண்டுதான் அறுக்கிறான். ரம்பம் ஓடுகிற இடத்துக்கும் உயிரைத் தாங்குகிற கயிற்றுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம். கிளை விடுபடுகிற கடைசி இழுப்பில் ரம்பம் துள்ளும். துள்ளிய பல் கயிற்றின் மேல் உறையில் லேசாகப் பட்டால்கூட, அந்தக் கயிறு அந்த இடத்தில் முடிந்தது. உள்ளே எத்தனை இழை போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கேயே வெட்டி எடுத்துவிட வேண்டும்.

வெட்டுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தாள். வேலை முடிந்ததும் அவரவர் கயிற்றை அவரவரே, கையுறை இல்லாமல், நுனி முதல் நுனி வரை தடவிப் பார்க்க வேண்டும். மறுநாள் காலை வண்டி கிளம்பும் முன் ஆவுடையம்மாள் கேட்பாள். கயிற்றில் வெட்டு விழுந்தவன் எழுந்து, எல்லாரும் பார்க்கத் தன் கையாலேயே அந்த இடத்தில் நறுக்குவான். அறுக்கும்போது கவனம் எங்கே போயிருந்தது என்றும் சொல்வான். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். பிறகு கட்டன் சாயா குடித்துவிட்டு வேலைக்குப் போவார்கள்.

நறுக்கிய துண்டுகள் வீணாவதில்லை. அவள் வீட்டில் துணி காயப்போடும் கொடி அந்தத் துண்டுதான். ஆட்டைக் கட்டியிருப்பதும், கிணற்று வாளியில் தொங்குவதும் அதுதான். நல்ல கயிற்றை இப்படி ஆட்டுக்குக் கட்டுகிறார்களே என்று வந்த புதிதில் திருமலைக்கு வயிறு எரிந்தது.

இன்னொரு விஷயமும் அவன் கண்ணில் பட்டது. ஆவுடையம்மாளின் கயிறு அவனுடைய கயிற்றில் பாதிகூட இல்லை. இவ்வளவு பேர் பெற்ற ஆளுக்கு இந்தக் கயிறுதானா என்று நினைத்தான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டும்விட்டான்.

"மேஸ்திரியம்மா, உங்க கயிறு ஏன் இம்புட்டுக் குட்டையா இருக்கு?"

"தேஞ்சு போச்சு."

"கயிறு நீளத்துல தேயுமா?"

"என் கையில தேயும்," என்றாள் அவள். ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பாட்டைத் தொடர்ந்தாள்.

திருமலை சிரிப்பை அடக்கிக்கொண்டான். தன் கையில் தேயாது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

உண்மையாகவே நெடுநாள் தேயவில்லை. சாய்ப்பு வேலையில் பழகிய கை. ரம்பம் அவன் சொன்னபடி கேட்டது. கூடவே ஏறும் மைதீன்பிச்சை, கடையநல்லூர்க்காரன், நல்ல வேலைக்காரன்தான். ஆனால் பராக்குப் பார்க்கிறவன். அவன் கயிறு மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்தது. திருமலையின் கயிறு மட்டும் கடையிலிருந்து வந்த நீளத்தில் அப்படியே இருந்தது. வண்டியில் அவன் சுருள்தான் பெரிது. அதை ஏற்றும்போதும் இறக்கும்போதும் கொஞ்சம் எடுப்பாகவே தூக்குவான். அடுத்து வரும் பெரிய மரத்துக்குத் தன்னைத் தனியாக ஏற்ற வேண்டும் என்று இரண்டு முறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தான். கயிறு பழகட்டும் என்று இரண்டு முறையும் ஒரே பதில்தான் வந்தது.

பிறகு அந்தப் புளியமரம் வந்தது. ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் நின்ற சின்ன மரம். அவனுக்கு அதெல்லாம் ஒரு மரமே இல்லை. கடைசிக் கிளையை அறுத்தபோது, கீழே நின்ற வீட்டுக்காரர் ஏதோ பாராட்டிச் சொன்னார். அவன் தலையைத் திருப்பினான். ரம்பம் துள்ளிக் கயிற்றில் பட்டது.

சின்ன வெட்டுதான். உறை பிரிந்து, உள்ளிருந்து வெள்ளை நார் பூப்போல் வெளியே வந்திருந்தது. யாரும் பார்க்கவில்லை. அவன் இறங்கினான், கயிற்றைச் சுருட்டினான், அன்றைக்கு யாருடனும் அதிகம் பேசவில்லை.

வீட்டில் கொல்லைப் பக்கம் போய் உட்கார்ந்து ஒரு தீக்குச்சியைக் கொளுத்தினான். நைலான் நார் தீ பட்டதும் உருகிச் சுருண்டது. சூடு ஆறும் முன் விரலால் உருட்டி அழுத்தினான். விரல் வெந்தது. பிறகு கொஞ்சம் மண்ணை எடுத்து மேலே தேய்த்தான். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. தடவினால் மட்டும் ஒரு அரிசி அளவுக்குக் கட்டி இருந்தது. நாளைக்கு எப்படியும் சொல்லிவிடுவோம், இது சும்மா இன்றைக்கு மட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மறுநாள் காலை ஆவுடையம்மாள் கேட்டாள். திருமலை வாயைத் திறக்கும் முன் மைதீன்பிச்சை எழுந்து நின்றான். பக்கத்து வீட்டு மாடியில் யாரோ சண்டை போட்டார்கள், அதைப் பார்த்துக்கொண்டே அறுத்துவிட்டேன் என்று சொல்லி, தன் கயிற்றில் ஒரு பெரிய துண்டை நறுக்கினான். எல்லாரும் வழக்கம்போல் சும்மா இருந்தார்கள். திருமலைதான் பேசினான்.

"இப்படியே போனா ஒனக்கு அரைஞாண் கயிறுதான் மிஞ்சும்டே."

மைதீன் சிரித்தான். அவனுக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஆவுடையம்மாள் மட்டும் திருமலையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சாயா கிளாஸை எடுத்தாள். அந்தக் கேலியைச் சொன்ன பிறகு தன் வெட்டைச் சொல்ல அவனுக்கு வழியில்லாமல் போயிற்று. அடுத்த நாளும் சொல்லவில்லை. அதற்கடுத்து, சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது பழகிவிட்டது. தானே ஏறும்போது நல்ல நுனியை இடுப்பில் மாட்டிக்கொள்வான். கெட்ட பக்கம் எப்போதும் தரையில் கிடக்கும். கெட்டிக்காரத்தனமாகத்தான் செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான்.

கோடை விடுமுறை முடியப் போகிற சமயம். ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பறைக் கட்டடத்தின் மேல் பெரிய மருதமரம் ஒன்று கவிந்திருந்தது. அதன் ஒரு கொம்பு முழுக்கப் பட்டுப்போயிருந்தது. பள்ளி திறப்பதற்குள் இறக்கிவிட வேண்டும் என்று தலைமையாசிரியர் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டார். ஆவுடையம்மாள் மரத்தைச் சுற்றி வந்து அண்ணாந்து பார்த்தாள். அவள் கயிறு எட்டாது. மைதீனின் கயிறு எட்டவே எட்டாது.

"அண்ணாச்சி, உங்க கயிறத் தாங்க. நான் ஏறுதேன்."

திருமலை சுருளின் கெட்ட நுனியைக் கைக்குள் பொத்திக்கொண்டான்.

ஒருவர் கயிற்றில் இன்னொருவர் ஏறுவது அபூர்வம். அப்படி ஏறும்போது அந்தக் கயிற்றைத் தடவிப் பார்ப்பதில்லை. கயிற்றுக்காரனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். அவன் சொல்கிற பதிலில் ஏறுவார்கள். அதுதான் அவர்கள் வழக்கம்.

மதில் சுவரில் ஊர்ப் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியர் வெயிலுக்குக் குடை பிடித்து நின்றார். ஆவுடையம்மாள் பெல்ட்டை இறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"கயிறு எப்படி?"

"அண்ணாச்சி அதச் சீர்வரிசை மாதிரில்லா வச்சிருக்காவ," என்றான் மைதீன்.

சொல்ல வேண்டியது திருமலையின் தொண்டை வரை வந்தது. அத்தனை பேர் முகத்தையும் பார்த்தான்.

"முழுசு," என்றான்.

அவள் தலையசைத்தாள். அவன் நல்ல நுனியை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டிருந்தான். அவள் தரையிலிருந்து ஏறப் போவதில்லை. வகுப்பறைக் கட்டடத்தின் மொட்டை மாடியில் நின்று ஏறி, அதே மாடியில்தான் இறங்குவாள். மாடி உயரத்துக்கு மேல்தான் வேலை என்பதால் கயிற்றின் கடைசிப் பகுதிக்கு வேலையே இல்லை. வெட்டு இருந்தது அந்தக் கடைசிப் பகுதியில். அது சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். இந்தக் கணக்கில் தப்பில்லை என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான்.

எறிகயிற்றில் மணல் பையைக் கட்டி வீசி, உச்சிக் கவையில் கயிற்றை ஏற்றினார்கள். ஆவுடையம்மாள் மாடியிலிருந்து ஏறினாள். அவள் மேலே போகப் போக, கயிற்றின் கடைசிப் பகுதி மாடி விளிம்பைத் தாண்டித் தரைக்கு வந்தது. கீழே நின்று அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை திருமலைக்கு. கயிறு அவன் கையில் இருந்தது. விரல் தானாகவே அந்தக் கட்டியைத் தேடிப் போய்த் தொட்டது.

அன்று முற்பகல் முழுவதும் அவன் அதைத் தொட்டுக்கொண்டே நின்றான். மேலே அவள் பட்டுப்போன கொம்பைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் வேறு கயிற்றில் கட்டி மெதுவாக மாடியில் இறக்கினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் முதலில் அடியில் ஒரு கீறல், பிறகு மேலிருந்து அறுப்பு. பட்டை கிழியாமல் கொம்பு கழன்று வந்தது. மதிலில் இருந்த பையன்கள் சீட்டியடித்தார்கள். தலைமையாசிரியர் திருமலையின் பக்கத்தில் வந்து, உங்கள் கயிறாமே, இவ்வளவு நாள் வேலை செய்தும் புதுசு மாதிரி இருக்கிறதே என்று மெச்சினார். அவன் முகத்தில் ஈயாடவில்லை. வெயில் என்று நினைத்து, அவர் குடையை அவன் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார். வசவு விழுந்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு கூசியிருக்காது.

வேலை முடிந்தது. கடைசித் துண்டு இறங்கியபோது மாடி முழுவதும் கிளைகள் குவிந்து, கால் வைக்க இடமில்லை. மேலிருந்து ஆவுடையம்மாளின் குரல் வந்தது. களைத்த குரல்.

"அண்ணாச்சி, மாடியில எடமில்ல. தரைக்கே வந்திருதேன். கயிறு எட்டுமா?"

எட்டும். தரை வரை எட்டும். ஆனால் தரைக்கு வர வேண்டுமானால் கயிற்றின் கடைசிப் பகுதியும் அவள் இடுப்பு முடிச்சுக்குள் போக வேண்டும். மாடி உயரத்துக்குக் கீழே வந்ததும் அவள் எடை முழுவதும் அந்த அரிசி அளவுக் கட்டியின் மேல் விழும்.

எட்டாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு பேர் மாடிக்குப் போய்க் கிளைகளை ஒதுக்குவார்கள். அவள் மாடியிலேயே இறங்குவாள். கயிறு சுருளுக்குள் போய்விடும். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. இந்த இரண்டாவது பொய் கொஞ்சமும் சிரமமில்லாமல் அவன் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. முதல் பொய்க்காவது நெஞ்சு அடித்துக்கொண்டது. இதற்கு அதுகூட இல்லை. அதைக் கண்டுதான் அவன் பயந்தான்.

"எட்டும்," என்றான். பிறகு, "இறங்காதீங்க" என்றான்.

"என்ன?"

"கயித்துல வெட்டு இருக்கு."

மதிலில் சீட்டிச் சத்தம் நின்றது. மைதீன் கையிலிருந்த கிளையைக் கீழே போட்டான்.

"எங்க இருக்கு?"

"இந்தப் பக்க நுனியில. ரெண்டு ஆள் நீளம் தள்ளி."

"எப்ப விழுந்தது?"

"புளியமரத்துல. தீய வச்சு உருக்கி ஒட்டிட்டேன்."

இலைகளுக்கு நடுவில் அவள் பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது.

"காலையில சொல்லும்போது தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியும்," என்றான் திருமலை. அத்தனை பேர் நடுவில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. பூமி அவன் காலடியில் எப்போதும்போல் கெட்டியாகத்தான் இருந்தது.

கயிறு அவன் கையிலிருந்து நழுவி மேலே போயிற்று. அவள் இழுக்கிறாள் என்று தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் நறுக்கிய நீலக் கயிற்றுத் துண்டு கிளைகளில் தட்டித் தட்டி அவன் முன்னால் வந்து விழுந்தது. இடுப்பு முடிச்சிலிருந்து கயிறு உருவிக்கொள்ளாமல் இருக்க, மிச்சக் கயிற்றின் நுனியில் அவள் பெரிய முடிச்சு ஒன்றைப் போட்டுவிட்டு இறங்கத் தொடங்கினாள்.

கயிறு குறைந்துவிட்டது. அந்த முடிச்சு வந்து இடுப்பில் முட்டியதும், தரையிலிருந்து ஓர் ஆள் தோள் உயரத்தில் அவள் தொங்கிக்கொண்டு நின்றாள். ஏணி கொண்டுவரச் சொல்லித் தலைமையாசிரியர் சத்தம் போட்டார். ஏணி வைத்திருக்கும் அறையின் சாவி வாட்ச்மேனிடம் இருந்தது. வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தான்.

திருமலை அவளுக்குக் கீழே போய் மரத்தில் இரண்டு கையையும் ஊன்றி நின்றான்.

"தோள்ல மிதிங்க," என்றான்.

அவள் தயங்கவில்லை. ஒரு பூட்ஸ் அவன் வலது தோளில் இறங்கியது, பிறகு மற்றது. மேலே கொக்கி கழன்ற சத்தம் கேட்டது. இப்போது அவளைத் தாங்க அவன் தோளைத் தவிர வேறெதுவும் இல்லை. அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது, அவள் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. முழங்கால் முதல் பாதம் வரை நிற்காமல் நடுங்கியது. அத்தனை நாளும் எந்த மரத்திலும் அந்தக் கால் நடுங்கி அவன் பார்த்ததில்லை. அவன் மெதுவாக உட்கார்ந்து அவளைத் தரையில் இறக்கினான். எழுந்திருக்க அவனுக்கு மனம் வரவில்லை. அப்படியே குத்தவைத்திருந்தான்.

ஆவுடையம்மாள் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவனுக்கெல்லாம் யார் கயிறு கொடுத்தது என்று யாரோ முணுமுணுத்தது அவன் காதில் விழுந்தது. எதற்கும் சிரிக்கும் மைதீன் அன்று அவன் முகத்தையே பார்க்கவில்லை. வண்டியில் முன் இருக்கையில் அவனுக்கு இடம் இருந்தும், திருமலை பின்னால் கிளைகளோடு கிளையாக உட்கார்ந்துகொண்டான். அவன் இறங்கும் இடத்தில் ஆவுடையம்மாளும் இறங்கி வந்தாள். அந்த நீலத் துண்டைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தாள்.

"இது உங்களோடது."

அதை வாய்க்காலில் எறிந்துவிட்டுப் போகலாமா என்று பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றான். எறியவில்லை. வீட்டில் அவன் மனைவி செண்பகம் அதைக் கண்டதும் சந்தோஷப்பட்டாள். கொடி அறுந்துபோய்த் துணி காயப்போட இடமில்லை, நல்ல கயிறாக இருக்கிறதே என்றாள். அவனே கட்டிக் கொடுத்தான். கட்டி முடித்ததும் நுனியோரம் இருந்த வெட்டைக் காட்டி நடந்ததைச் சொன்னான். செண்பகம் ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். அந்த அம்மாவுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று மட்டும் சொன்னாள். பிறகு அவன் சட்டையை உதறி அந்தக் கயிற்றில் போட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் வேலை பாக்கி இருந்தது. தாழ்வான கிளை ஒன்று ஜன்னலை உரசிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் பிந்தித்தான் திருமலை வந்தான். வேலைச் சட்டையில் வரவில்லை; வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். குறைந்துபோன சுருளைத் தோளிலிருந்து இறக்கி, பெல்ட் மாட்டிக்கொண்டிருந்த ஆவுடையம்மாளின் முன்னால் வைத்தான்.

"இத நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்கு இந்தத் தொழில் வேண்டாம் மேஸ்திரியம்மா."

"ஏன்?"

"வெக்கமா இருக்கு. மைதீன் மூஞ்சியில முழிக்க முடியல."

"அவன் மூஞ்சி என்னைக்கும் அப்படித்தான் இருக்கும்," என்றாள் அவள். வண்டிக்குப் பின்னால் நின்ற மைதீன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சிரித்தானா என்று தெரியவில்லை.

திருமலை போகவில்லை. வந்த விஷயத்தை அவன் இன்னும் சொல்லவில்லை.

"நீங்க திட்டிருந்தா வாங்கிக்கிட்டுப் போயிருப்பேன். ராத்திரி பூரா அதத்தான் நெனச்சேன். இனி என் வார்த்தைய நம்பி எவன் ஏறுவான்?"

ஆவுடையம்மாள் குனிந்து, அவன் வைத்த சுருளைப் பிரித்தாள். ஒரு நுனியை எடுத்துத் தன் பெல்ட்டின் கொக்கியில் கட்டினாள். தடவிப் பார்க்கவில்லை. மிச்சத்தை அவன் காலடியில் விட்டாள்.

"நேத்து நான் ஏறினது உங்க வார்த்தைய நம்பித்தான்," என்றாள்.

அவன் தலை குனிந்தது.

"இறங்கினதும் உங்க வார்த்தைய நம்பித்தான் அண்ணாச்சி."

பிறகு ரம்பத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, கிளையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, நேற்றுக் காலையில் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"கயிறு எப்படி?"

திருமலை வெள்ளை வேட்டியோடு மண்ணில் உட்கார்ந்தான். அவள் இடுப்பில் இருந்த நுனியில் கையை வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு விரற்கடையாகத் தடவிக்கொண்டு வந்தான். ஆவுடையம்மாள் கட்டிய கயிற்றோடு அவன் முடிக்கும் வரை நின்றுகொண்டிருந்தாள்.